சாய்ந்த கட்டடத்தைத் தேடி ஆறு நாள்

2004இல் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் லேஅவுட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுபத்திரிகைக்கு அமெரிக்க நவீன ஓவியம் பற்றிய கட்டுரை வந்தது. கூடவே ஒரு படத்தின் ஜெராக்ஸ்: நெட்டையான கோபுரக் கட்டடம், சுற்றிலும் கோணல்மாணலாகக் கோடுகள். ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்தேன். புரூஃப் பார்த்த ஃபோர்மேன் அண்ணன், "என்னம்மா, கட்டடம் தண்ணியப் போட்டுட்டு நிக்குது? ஸ்கேன் சாஞ்சிருக்கு பாரு, நிமிர்த்து" என்றார். நானும் போட்டோஷாப்பில் ஆறு டிகிரி திருப்பி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த மூலைகளை வெட்டி, கோபுரத்தை நிமிர்த்திவிட்டேன். அப்படியே ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது.

கட்டுரை எழுதியவர் வந்து புரட்டிப் பார்த்தார். "அது ஆடுற கட்டடம்மா. படத்தோட பேர்லயே டான்ஸ்னு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அமெரிக்க ஓவியர் ஜான் மாரின் 1913இல் செய்த எச்சிங் அது, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம். 'வூல்வொர்த் கட்டடம்' என்று பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'நடனம்'. கட்டடம் இருப்பது நியூயார்க்கில். ஆற்றுக்கு எதிர்க்கரையில், ஜெர்சி சிட்டியில் அக்கா மகன் வேலை பார்க்கிறான். "வாங்க சித்தி" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். 2025 மார்ச்சில் போனேன். அவனுக்கு சுதந்திரதேவி சிலையைக் காட்ட ஆசை, எனக்கோ வேறு கணக்கு.

மார்ச் 7, 2025, வெள்ளி

விமானம் ஏறிய கதை வேண்டாம். இடுப்பு ஒடிந்தது, அவ்வளவுதான்.

ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரில் நியூயார்க் போகும் பாத் (PATH) ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ஆற்றுக்கு அடியில் புகுந்து உலக வர்த்தக மையத்தில் இறக்கிவிடுகிறது. மூன்று டாலர். மனசு உடனே 87ஆல் பெருக்கியது. முதல் நாள் முழுக்க இந்த வாய்ப்பாடுதான் ஓடியது, இரண்டாம் நாள் பசியில் நின்றுபோனது.

ரயிலடியை விட்டு மேலே வந்ததும் காற்று கன்னத்தில் அறைந்தது. குளிர் என்று சொன்னார்கள், காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பொட்டாகத் தூறியதற்குத் தெருவோரத்தில் பத்து டாலருக்கு ஒரு குடை வாங்கினேன். பிராட்வே முனை திரும்புவதற்குள் அது பூவாக மலர்ந்துவிட்டது. குப்பைத் தொட்டியில் திணிக்கப் போனால், உள்ளே ஏற்கெனவே நாலு குடைகள் கம்பி நீட்டிக் கிடந்தன.

233 பிராட்வே. வூல்வொர்த் கட்டடத்தின் எதிரே சிட்டி ஹால் பூங்காவின் ஓரத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். 792 அடி. 1930 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம். ஐந்து காசு, பத்து காசுப் பொருள்கள் விற்கும் கடைகளை ஊரூராக நடத்திச் சம்பாதித்த ஃபிராங்க் வூல்வொர்த், ஒன்றேகால் கோடி டாலருக்கு மேல் ரொக்கமாகவே கொடுத்துக் கட்டிய கட்டடம். கட்டட நிபுணர் காஸ் கில்பர்ட், மாதா கோவில் கோபுரம்போல ஊசி ஊசியாக அலங்காரம் வைத்திருக்கிறார். 1913 ஏப்ரல் 24 அன்று ஜனாதிபதி வில்சன் வாஷிங்டனில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அமுக்க, இங்கே எண்பதாயிரம் விளக்குகள் எரிந்தனவாம். இப்போது மேல்தளங்கள் வீடுகளாகிவிட்டன.

உள்கூடத்தின் மொசைக் கூரை பார்க்க வேண்டியது என்று படித்திருந்தேன். கதவைத் தள்ளி இரண்டடி வைத்தேன். காவலாளி எழுந்திருக்கவேயில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகையை விரலால் காட்டிவிட்டு, "காற்றுக்கு ஒதுங்க வேண்டுமானால் அந்த இரண்டு கதவுக்கு நடுவே ஐந்து நிமிடம் நின்றுகொள்ளுங்கள்" என்றார். நின்றேன். கண்ணாடி வழியே பொன்னிறமாகக் கொஞ்சம் தெரிந்தது. உள்ளே எங்கேயோ வூல்வொர்த் தன் காசை எண்ணுவதுபோல ஒரு குறும்புச் சிற்பம் இருக்கிறது. அது கண்ணில் படவில்லை.

திரும்பப் பூங்காவுக்கே வந்தேன். மேகங்கள் வடக்கிலிருந்து தெற்கே விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாந்தபடி ஒரு நிமிடம் நிலையாகப் பார்த்தேன். மேகம் நின்றுவிட்டது, கோபுரம் நகர ஆரம்பித்தது. என் மேலேயே சாய்ந்து வருகிறது! பூங்காவின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நாயோடு போன ஒருவர், "கீழே பாருங்கள், கீழே பாருங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே நடையை நிறுத்தாமல் போனார். இந்த ஊர்க்காரர்கள் நின்று பேச மாட்டார்கள், ஆனால் போகிறபோக்கில் உதவிவிடுவார்கள்.

மதியம் தள்ளுவண்டியில் சோற்றின் மேல் கோழி, வெள்ளைச் சாறு, சிவப்புச் சாறு. பத்து டாலர். சிவப்பை "கொஞ்சமாக" என்றேன். வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து, தாராளமாகவே ஊற்றினார். இரண்டு வேளைக்கு வந்தது.

மார்ச் 8, சனி

காற்று இன்னும் பலமாகிவிட்டது. "இன்னிக்கு வீட்லயே இருங்க சித்தி" என்றான். நான் பாலத்துக்குத்தான் போவேன் என்றேன். அலுத்துக்கொண்டே கூட வந்தான்.

காலையில் மூலைக்கடையில் முட்டை ரொட்டி. கல்லாப்பெட்டியின் மேல் ஒரு காகிதம்: முட்டை விலை காரணமாக ஒரு டாலர் கூடுதல். நாடு முழுக்கப் பறவைக் காய்ச்சலில் கோழிகள் போய்விட்டன, முட்டைதான் இப்போது எல்லோருடைய பேச்சும். கடைக்காரர் முட்டையை உடைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்ததுபோல எனக்குத் தோன்றியது.

புரூக்ளின் பாலத்தில் மன்ஹாட்டன் பக்கமிருந்து ஏறினோம். 1883இல் திறந்த பாலம். நடுவில் தூணே இல்லாத இடைவெளி மட்டும் 486 மீட்டர். நடைபாதை மரப்பலகை, காலுக்குக் கீழே இடுக்கு வழியாகக் கார்கள் ஓடுவது தெரிகிறது. முன்பெல்லாம் தொப்பி, பொம்மை விற்பவர்கள் நெரிசலாக நிற்பார்களாம், போன வருடத் தொடக்கத்தில் நகராட்சி தடை போட்டதிலிருந்து இல்லை. பார்க்க அகலம்தான், ஆனால் என் தொப்பி ஆற்றோடு போன பிறகு ஒரு வியாபாரியாவது இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

மாரின் இந்தப் பாலத்தையும் அதே 1913இல் பலமுறை எச்சிங் செய்தார். ஒன்றின் பெயரில் 'ஆட்டம்' என்றே இருக்கிறது, ஊசலாடுகிற ஆட்டம். பாதி தூரம் போனதும் அது புரிந்தது. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பிகள் ஒரு வரிசை. கோபுரத்திலிருந்து விசிறியாக விரியும் கம்பிகள் இன்னொரு வரிசை. இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஏதோ ஒரு கம்பி தம்பூராவின் மந்தரத் தந்திபோல விட்டுவிட்டு உறுமியது. கையை வைத்தேன். அதிர்ந்தது. கையுறை வழியாகவே தெரிந்தது.

"பயமா இருக்கா சித்தி?" என்றான். அவன் கைதான் கைப்பிடியை இறுக்கியிருந்தது.

புரூக்ளின் பக்கம் இறங்கிக் காப்பி குடித்த கடையில் தொலைக்காட்சி ஓடியது. இதே காற்றில் லாங் ஐலண்டில் காடு பற்றி எரிகிறது, வானம் முழுக்கப் புகை. கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்துபோய்த் தன் மகளுக்குப் போன் செய்தார். எங்கள் காப்பி ஆறிப்போயிருந்தது, பெண் கேட்காமலேயே சூடாக வேறு ஊற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நான் செய்த காரியம்.

அக்கா மகனின் சிநேகிதிக்குத் தெரிந்த ஒரு பெண்மணி புரூக்ளினில் சின்ன எச்சிங் பட்டறை வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வழியை ராத்திரியே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். போனை சார்ஜில் மறந்துவிட்டுக் கிளம்பினேன். கைக்கடிகாரமும் சமையலறை மைக்ரோவேவ் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டின. பிளாட்பாரத்தில் இருந்த கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. கெட்டுப்போன கடிகாரத்தை இத்தனை பெரிய ஊரில் யாரும் சரிசெய்யவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட பெருமையோடு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் என்னையும் என் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நேற்று நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு ஊர் மொத்தமும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டது. வருடா வருடம் மார்ச்சில் செய்வார்களாம். எனக்காகக் காத்திருந்து காத்திருந்து, எடுத்து வைத்திருந்த ரொட்டியை அவரே சாப்பிட்டுவிட்டார். "வருடத்துக்கு ஒருவராவது இப்படி வருவார்கள், இந்த வருடம் நீங்கள்" என்றார்.

முப்பது வருடம் அச்சகத்தில் இருந்தவள் நான். ஆனால் ஆஃப்செட்காரிக்கு எச்சிங் வேறு உலகம். எங்கள் பிளேட்டில் படமும் வெறுமையும் ஒரே மட்டம், மை ஒட்டுகிற இடம், தண்ணீர் ஒட்டுகிற இடம் என்பதுதான் வித்தியாசம். இங்கே மை பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஓர் உள்ளங்கை அளவு செம்புத் தகட்டைக் கொடுத்தார். மேலே தேன்மெழுகும் நிலக்கீலும் கலந்த பழுப்புப் பூச்சு. ஊசியால் கீறினால் பூச்சு மட்டும் விலகிச் செம்பு பளிச்சென்று எட்டிப் பார்க்கிறது. அழுத்தவே வேண்டாம், பனி படிந்த கண்ணாடியில் எழுதுகிற மாதிரிதான். வெட்டுவதெல்லாம் அமிலத்தின் வேலை. மாரின் காலத்தில் நைட்ரிக் அமிலம் சாதாரணம், இவர் வைத்திருந்தது ஃபெரிக் குளோரைடு, பார்க்க சுக்குக் கஷாயம்போல இருந்தது. தகடு அதில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. மெல்லிசாக இருக்க வேண்டிய கோட்டை முதலிலேயே வெளியே எடுத்து வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மற்றதைத் திரும்ப உள்ளே போட வேண்டும். ஒரே ஊசி, ஒரே கை. தடித்த குரலும் மெலிந்த குரலும் நேரக்கணக்கில்தான் பிரிகின்றன. இதைக் கேட்டதும் மாரினின் கோடுகள் ஏன் சில இடத்தில் முனகுகின்றன, சில இடத்தில் கத்துகின்றன என்று பிடிபட்டது.

எனக்கு வரைய வராது. 'ழ' என்று ஓர் எழுத்தை, கொஞ்சம் அலங்காரமாக, எழுதினேன். அமிலத்தில் இருபது நிமிடம். பூச்சைக் கழுவி, மையை நன்றாகத் தேய்த்துப் பள்ளத்துக்குள் இறக்கி, வலைத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்து, கடைசியில் சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால் ஒரு தடவல். அப்போது எவ்வளவு லேசாகத் தடவுகிறோமோ அவ்வளவு சாம்பல் படலம் தகட்டிலேயே தங்குகிறது. ஈரக் காகிதம், மேலே கம்பளி, உருளைச் சக்கரத்தை நானே சுற்றினேன். இரண்டு தோளும் வேண்டியிருந்தது.

காகிதத்தை மூலையிலிருந்து உரித்தேன். என் 'ழ' வலமிடமாகத் திரும்பி நின்றது.

ஆஃப்செட்டில் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும், நடுவில் ரப்பர் பிளாங்கெட் திருப்பி வாங்கி மறுபடி திருப்பிக் கொடுத்துவிடும். முப்பது வருடப் பழக்கம், மறந்தே போயிற்று. "அழகான எழுத்து" என்றார் அவர். திரும்பியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். மை காகிதத்துக்கு மேலே தழும்புபோல எழும்பி நின்றது. தகட்டின் விளிம்பு சுற்றிலும் பள்ளமாகப் பதிந்திருந்தது.

கட்டணம் வாங்க மாட்டேன் என்றார். ஊரிலிருந்து கொண்டு போயிருந்த கைமுறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். எனக்கு எதிரிலேயே மூன்றைத் தின்றார்.

மார்ச் 10, திங்கள்

காற்று ஓய்ந்துவிட்டது. வெயில். அக்கா மகன் ஆபீஸ் போய்விட்டான். நான் மாரின் வளர்ந்த வீஹாக்கனுக்குக் கிளம்பினேன்.

ஜர்னல் ஸ்கொயரிலிருந்து பெர்கன்லைன் அவென்யூ வழியாகச் சின்ன வேன்கள் ஓடுகின்றன. நம்மூர் ஷேர் ஆட்டோவின் பெரியப்பா பையன். கை காட்டினால் நிற்கும், ஸ்பானியப் பாட்டு ஓடும், இறங்கும்போது டிரைவர் கையில் காசு. மூன்று டாலர் கொடுத்தேன், சில்லறை திரும்பி வந்தது. வழியில் கியூபாக்காரர்களின் ரொட்டிக்கடை ஒன்றில் கொய்யாப்பழப் பாகு வைத்த பஃப்ஸும் மருந்துக் குப்பி அளவு தம்ளரில் காப்பியும். அந்தக் காப்பி! நம் கும்பகோணம் டிகாக்‌ஷனே வெட்கப்படும். ஒரு வாய் குடித்துவிட்டு முழித்த என்னைப் பார்த்து, வரிசையில் பின்னால் நின்ற பாட்டி ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லி என் முதுகைத் தட்டினார். ஆறுதலா பாராட்டா தெரியாது.

மாரின் 1870இல் இந்த ஜெர்சி மண்ணில் ரதர்ஃபோர்டில் பிறந்தவர். பிறந்த சில நாளிலேயே அம்மா இறந்துவிட, வீஹாக்கனில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். இருபதுகளில் கட்டட வரைபட வேலை பார்த்தார், இந்தப் பக்கத்தில் சில வீடுகளுக்கு அவரே வரைந்தும் கொடுத்திருக்கிறார். ஸ்கேலும் செட் ஸ்கொயரும் வைத்து நேர்கோடு போடுவதே பிழைப்பாக இருந்த ஆள்! கோணல் கோடு அவருக்குக் கை நடுங்கி வந்ததல்ல. முப்பதை நெருங்கும்போதுதான் ஓவியப் பள்ளிக்கே போனார். அப்புறம் 1905இலிருந்து ஐந்தாறு வருடம் பாரிஸ். அங்கே செய்த எச்சிங்கெல்லாம் ஓவியர் விஸ்லரின் சாயலில் மென்மையாக, பழைய பாலம், கோவில், ஆற்றங்கரை என்று விலைபோகும்படி இருக்கும்.

அந்த விஸ்லர்தான் தன் படங்களுக்கு நாக்டர்ன், சிம்பொனி என்று இசைப் பெயர்களை வைத்துப் பிரபலமாக்கியவர். மங்கிய ஒளி, பனிமூட்டம், இனிமை. ஓவியத்தில் இசை என்றால் இதுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

குன்றின் விளிம்பில் ஹாமில்டன் பூங்காவில் உட்கார்ந்தேன். கீழே ஹட்சன், அக்கரையில் மன்ஹாட்டன் முழுசும் கண்காட்சிபோல வரிசைகட்டி நிற்கிறது. இந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் 1804இல் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டார். வீஹாக்கனில் சிறுவனாக இருந்த மாரினுக்கு அக்கரையில் தெரிந்திருக்கக்கூடியவை படகுகளும் தேவாலயக் கூம்புகளும்தான். 1911இல் பாரிஸிலிருந்து நிலையாகத் திரும்பிப் பார்த்தால், ஊர் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. வூல்வொர்த் கட்டடம் பாதி இரும்பும் பாதிச் சாரமுமாக நின்றபோதே வரைய ஆரம்பித்துவிட்டார்.

இங்கிருந்து அந்தக் கோபுரத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. பின்னால் வந்த உயரங்களுக்குள் மூழ்கிவிட்டது.

இரவு நியூவார்க் அவென்யூவில் தோசை. பன்னிரண்டு டாலர். சட்னி பரவாயில்லை. சாம்பாரைப் பற்றி எழுத மாட்டேன், கடைக்காரர் அத்தனை பிரியமாக விசாரித்தார்.

மார்ச் 11, செவ்வாய்

பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் அச்சுப்படங்களைக் கேட்டுப் பார்க்கும் அறை. ஒரு மாதம் முன்பே மின்னஞ்சலில் அனுமதி வாங்கியிருந்தேன். பேனா கூடாது, பென்சில் மட்டும். பை வெளியே. கையைக் கழுவிவிட்டு உட்காரச் சொன்னார்கள். பரீட்சைக்கு வந்த மாதிரி முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

பெட்டியைத் திறந்து ஒரு படத்தை மேசையில் வைத்தார் அந்த இளைஞர். கோபுரம், கோடுகள், 1913. ஆனால் இது அது இல்லை. எத்தனையோ இரவு பார்த்த முகம், தெரியாதா? நான் படிவத்தில் 'மாரின், வூல்வொர்த்' என்று மட்டும் எழுதித் தொலைத்திருக்கிறேன். அவர் அந்த ஒரே வருடத்தில் இதே கட்டடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எச்சிங் செய்திருக்கிறார். மெதுவாகச் சொன்னேன். இளைஞர் என் தப்பைத் தன் தப்புபோல எடுத்துக்கொண்டு, "தேடிப் பார்க்கிறேன்" என்று உள்ளே போனார். நாற்பது நிமிடம். எதிர் மேசையில் ஒருவர் பூதக்கண்ணாடியோடு ஒரே படத்தின் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பிறகு வந்தது.

சின்னது. முதலில் பட்டது அதுதான். ஓர் அடிக்குச் சற்று மேல் உயரம், நம்மூர் மாத காலண்டர் தாளைவிடப் பெரிதில்லை. 792 அடிக் கட்டடம் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பதைவிட, அடங்காமல் முண்டுகிறது என்பதுதான் சரி. தகட்டுப் பள்ளத்தின் விளிம்பு நாலு பக்கமும் கச்சிதமான செவ்வகம். அந்தப் படத்தில் நேராக இருப்பது அது ஒன்றுதான்.

பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, தாளுக்கு எட்டவே தள்ளி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஆறு டிகிரி என்று நான் அன்றைக்குக் கணக்குப் போட்டது எந்தக் கோட்டை வைத்து? கோபுரத்தின் ஒரு விளிம்பை வைத்துத்தான். ஆனால் விளிம்பு என்று ஒன்றில்லை. இரண்டு மூன்று கோடுகள், தொட்டும் விட்டும், ஒன்றை ஒன்று ஒத்துக்கொள்ளாமல் ஏறுகின்றன. பக்கத்துக் கட்டடங்கள் கோபுரத்தை முட்டுகின்றன, கோபுரம் அவற்றைத் தள்ளுகிறது. கோபுரத்தை நிமிர்த்தினால் பக்கத்தில் இருப்பவை விழ வேண்டும். நான் விழ வைத்திருக்கிறேன், ஆயிரம் பிரதியில். கீழே கோடுகள் மரக்கிளையாகவும் மனிதர்களாகவும் மாறி மாறித் தெரிகின்றன. வானம் என்று நினைக்கும் இடத்திலும் கீறல்கள் சும்மா இல்லை, கட்டடம் அசைந்த திசையில் காற்றும் அசைகிறது. நேற்று முன்தினம் தகட்டைக் கீறிய கை என்பதால் இன்னொன்றும் பார்க்க முடிந்தது: ஊசி எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே தயங்கியிருக்கிறது. உச்சிக்குப் போகப் போக வேகம்.

இந்தக் கட்டடத்தை வைத்து வரைந்த நீர்வண்ணங்களை 1913 ஜனவரியில் புகைப்படக் கலைஞர் ஸ்டீகிளிட்ஸின் ஓவியக்கூடத்தில் மாட்டியபோது மாரின் ஒரு குறிப்பு எழுதினார். ஒரு பெரிய நகரத்தின் உயிர் அதன் மனிதர்களிடமும் விலங்குகளிடமும் மட்டும்தானா, கட்டடங்கள் என்ன செத்தவையா என்று கேட்கிறார். பெரியது சின்னதை இழுக்கிறது, சின்னது பெரியதை இழுக்கிறது, தள்ளியும் இழுத்தும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக இந்தச் சக்திகள் வேலை செய்கையில் அவற்றின் போராட்ட ஓசை தனக்குக் கேட்கிறது, அங்கே மகத்தான இசை நடக்கிறது என்கிறார். வீட்டில் பியானோவில் பாஹ் வாசிக்கிற மனிதர் எழுதியது. அவர் சொல்லும் இசையில் விஸ்லரின் பனிமூட்டம் இல்லை. இழுபறியைத்தான் இசை என்கிறார்.

எனக்குத் திருவாரூர்த் தேர்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பா தோளிலிருந்து பார்த்தது. முன்னால் வடம் இழுக்கிறது, சக்கரத்தில் முட்டுக்கட்டை மறுக்கிறது, பின்னால் நெம்புகிறார்கள், மேலே அத்தனை உயரமும் ஒரு பக்கம் சாய்ந்து, கூட்டம் "ஓ" என்க, மறுபக்கம் வருகிறது. அந்தத் தேரை நிமிர்த்து என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் இளைஞர். எடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.

வெளியே வந்தால் இந்த ஊரா போன வெள்ளிக்கிழமை அப்படி அறைந்தது? கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடக்கும் வெயில். படிக்கட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. உப்புக் கல் ஒட்டிய பிரெட்செல் ஐந்து டாலர், உள்ளே பஞ்சு, வெளியே செருப்பு. முழுசும் சாப்பிட்டேன்.

மார்ச் 12, புதன்

இரவு விமானம். பகலில் ஐந்தாம் அவென்யூவில் 291ஆம் எண்ணைத் தேடிப் போனேன். ஸ்டீகிளிட்ஸின் கூடம் 1917இல் மூடியது, அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. நடைபாதையில் நின்று வெறும் எண்ணைப் பார்த்தேன். சரி என்று லெக்சிங்டன் அவென்யூவுக்கு நடந்தேன். படைக்கூடம் அப்படியே இருக்கிறது. 1913 பிப்ரவரியில் ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கொண்டுவந்து கொட்டி அமெரிக்காவை அதிரவைத்த கண்காட்சி இங்கேதான் நடந்தது, மாரினின் வூல்வொர்த் நீர்வண்ணங்களும் மாட்டப்பட்டிருந்தன. ஓவியம் இசையைப்போல இருக்க வேண்டும் என்று எழுதிய ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் படம் ஒன்றை ஸ்டீகிளிட்ஸ் ஐந்நூறு டாலருக்கு வாங்கியதும் இங்கேதான். அப்போது வூல்வொர்த் கட்டடத்தின் திறப்புவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. விளக்கு எரிவதற்கு முன்பே கட்டடம் ஆடத் தொடங்கியாயிற்று.

பெட்டியில் துணிக்கு நடுவே, பீட்சா அட்டை இரண்டுக்கு இடையில் என் 'ழ'வை வைத்து நூல் கட்டினான் அக்கா மகன். "இது என்ன எழுத்து சித்தி?" என்றான். திருப்பிப் பிடித்து விளக்கில் காட்டினேன்.

விமான நிலையத்தில் வைஃபை கிடைத்ததும், நேற்று எடுத்த படத்தை ஃபோர்மேன் அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டில் பேத்தியோடு இருக்கிறார். 'இருபது வருசத்துக்கு முன்னாடி நாம நிமிர்த்தின கட்டடம் அண்ணே, அசல்' என்று எழுதினேன். அங்கே விடிந்திருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் குரல்செய்தி வந்தது. பின்னால் காக்கை கத்திக்கொண்டிருந்தது.

"பாத்தேன்மா. கண்ணாடி போட்டுகிட்டு நல்லாவே பாத்தேன். அமெரிக்கா வரைக்கும் போயிருக்க, இந்த வாட்டியாவது போனக் கொஞ்சம் நேராப் புடிச்சு எடுத்திருக்கக் கூடாதா?"